சந்தியாகப்பர் சிப்பி: பெயர் ஒரு கடலில், ஊர் இன்னொரு கடலில்

பெட்ரோல் பங்க்கில் மஞ்சளும் சிவப்புமாக விசிறி விரித்தது போல ஒரு சிப்பி மாட்டியிருக்கும். ஷெல் கம்பெனியின் சின்னம். 1901-ல் அந்தக் கம்பெனி முதலில் வைத்துக்கொண்டது வேறு வகைச் சிப்பி, கல்லில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வளரும் மட்டி. 1904-ல்தான் இந்த விசிறிச் சிப்பிக்கு மாறினார்கள். ஸ்காலப் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் வகை இது. இதன் பேரினத்துக்கு பெக்டன் என்று பெயர். லத்தீனில் பெக்டன் என்றால் சீப்பு. ஓட்டின் மேல் ஓடும் வரிமேடுகளைப் பார்த்தால் பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தச் சிப்பி எந்தச் சிற்றினம் என்று கேட்டால்தான் தகராறு ஆரம்பிக்கிறது. ஐரோப்பாவில் இந்த உருவத்துக்கு உரிமை கொண்டாடும் சிற்றினங்கள் இரண்டு. ஒன்று பெக்டன் மாக்சிமஸ், அட்லாண்டிக் கரையோரம் வாழ்வது. இன்னொன்று பெக்டன் ஜாகோபேயஸ், மத்தியதரைக் கடலில் வாழ்வது. இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ஒருவரே, லின்னேயஸ். வருடமும் ஒன்றே, 1758. அவர் அப்போது இரண்டையும் ஆளியோடு சேர்த்து ஆஸ்ட்ரியா என்ற பேரினத்தில் போட்டிருந்தார். 1776-ல் ம்யூலர் தான் பெக்டன் என்று தனியாகப் பிரித்தார்.

ஜாகோபேயஸ் என்றால் யாக்கோபுடையது. ஸ்பெயின்காரர்கள் சான்டியாகோ என்றும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்றும் அழைக்கும் அதே புனிதர். அவருடைய கல்லறை இருப்பதாக நம்பப்படும் சான்டியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நூற்றாண்டுக் கணக்காக ஐரோப்பா முழுவதிலிருந்தும் மக்கள் நடந்தே போனார்கள், இன்றும் போகிறார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் போலத்தான். போய் வந்ததற்கு அடையாளம் இந்தச் சிப்பி. கோயில் வாசலில் சிப்பி விற்ற கடைகளைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டுக் கையேடான கோடெக்ஸ் கலிக்ஸ்டினஸே சொல்கிறது. யாத்திரை போய் வந்தவர் செத்தால் சிப்பியையும் சேர்த்தே புதைத்திருக்கிறார்கள். நூல் கோக்க ஓட்டை போட்ட சிப்பிகள் இடைக்காலக் கல்லறைகளில் பல நாடுகளில் கிடைத்திருக்கின்றன.

ஆனால் சான்டியாகோ இருப்பது கலீசியாவில். கலீசியாவின் கடல் அட்லாண்டிக். அங்கே கரையில் கிடைப்பதும், கோயில் வாசலில் விற்றதும், யாத்ரீகர் தொப்பியில் குத்திக்கொண்டு வந்ததும் மாக்சிமஸ். சந்தியாகப்பர் பெயரைத் தாங்கிய ஜாகோபேயஸ் அந்தக் கடலிலேயே கிடையாது! பெயர் தப்பான வீட்டுக்குப் போய்விட்டது. விலங்கியல் பெயர்ச் சட்டப்படி இனி அதைத் திருத்தவும் வழியில்லை. பெயரின் அர்த்தம் பொருந்தவில்லை என்பது பெயரை மாற்றக் காரணமாகாது.

இது வெறும் வேடிக்கைச் செய்தி என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு அடியில் நிஜமான ஒரு பிரச்சினை இருக்கிறது. கையில் ஒரு சிப்பியை வைத்துக்கொண்டு அதன் இனம் இதுதான் என்று சொல்ல, சிப்பி மட்டும் போதுமா?

முதலில் கையில் எடுத்துப் பார்க்கும் முறை. பெக்டன் பேரினத்தில் இரண்டு ஓடும் ஒரே மாதிரி இருக்காது. வலது ஓடு கிண்ணம் போலக் குழிந்திருக்கும், இடது ஓடு தட்டையாக இருக்கும். உயிரோடு இருக்கும்போது கிண்ணம் கீழே மணலில் பதிய, தட்டை ஓடு மூடி போல மேலே இருக்கும். மற்ற பல ஸ்காலப் வகைகளில் இரண்டு ஓடும் ஏறக்குறைய சம அளவில் உப்பியிருக்கும். ஆகவே தட்டை, கிண்ணம் ஜோடியைப் பார்த்ததுமே பேரினம் வரை வந்துவிடலாம். அதற்குப் பிறகுதான் கஷ்டம். கிண்ண ஓட்டைத் திருப்பி அதன் வரிமேடுகளைத் தடவிப் பார்க்க வேண்டும். மாக்சிமஸில் மேடுகள் உருண்டையாக, கூரையில் ஓடு வேய்ந்தது போல இருக்கும். ஜாகோபேயஸில் மேடுகள் சதுரமாக, விளிம்பு கூர்மையாக, தச்சர் இழைப்புளி போட்டுச் செதுக்கியது போல இருக்கும். அந்தச் சதுர மேட்டின் முதுகில் நீளவாக்கில் மெல்லிய கோடுகளும் ஓடும். மேடுகளை எண்ணிப் பயனில்லை. இரண்டிலும் பதினைந்தை ஒட்டித்தான் வரும். அளவும் உதவாது. மாக்சிமஸ் பெரிதாக வளரும் என்பது உண்மை, ஆனால் பெரிய இனத்திலும் குட்டிகள் உண்டே.

புதிதாகப் பிடித்த, முழுதாக வளர்ந்த, உடையாத சிப்பி என்றால் இந்தச் சதுரம், உருண்டை சோதனை நன்றாகவே வேலை செய்கிறது. அலை உருட்டித் தேய்த்த சிப்பியில்? தேய்ந்தால் சதுரமும் உருண்டையாகிவிடும். கிண்ண ஓடு தொலைந்து தட்டை ஓடு மட்டும் கிடைத்தால்? அப்போது அனுபவசாலிகளும் முதலில் கேட்பது, எந்த ஊரில் எடுத்தது என்றுதான். அதாவது சிப்பியைப் பார்த்து ஊரைச் சொல்வதற்குப் பதிலாக ஊரைக் கேட்டுச் சிப்பிக்குப் பெயர் சொல்கிறார்கள். இதில் கேவலம் ஒன்றுமில்லை, ஊரும் ஒரு சாட்சிதான். ஆனால் அப்படிச் செய்தோம் என்பதை லேபிளில் எழுதுவதில்லை. அங்கேதான் தப்பு தொடங்குகிறது.

(தலைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு செய்தி. இந்தச் சிப்பிக்குக் கண்கள் உண்டு. ஒன்றிரண்டு அல்ல, ஓட்டின் விளிம்பு நெடுக 200 வரை. ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் லென்ஸ் இருந்தாலும் பிம்பத்தை உருவாக்குவது பின்னால் இருக்கும் கண்ணாடி. குவானின் என்ற பொருளின் சதுரப் படிகங்களைத் தரை ஓடு பதித்தது போல அடுக்கி அந்தக் கண்ணாடி கட்டப்பட்டிருக்கிறது என்று 2017-ல் காட்டினார்கள். பெரிய டெலஸ்கோப் செய்யும் வேலையை ஒரு சிப்பி செய்கிறது.)

இரண்டும் எங்கே வாழ்கின்றன என்பது ஓரளவு தெளிவு. மாக்சிமஸ் நார்வேயின் வட பகுதியிலிருந்து பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. ஜாகோபேயஸ் மத்தியதரைக் கடலுக்குள். வரைபடத்தைப் பார்த்தால் எல்லைக்கோடு ஜிப்ரால்டர் ஜலசந்தியில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஜலசந்தியைத் தாண்டி உள்ளே வந்த பிறகும் ஸ்பெயினின் தெற்குக் கரையில் கொஞ்ச தூரம் மாக்சிமஸ்தான். நிஜ எல்லை இன்னும் கிழக்கே, ஸ்பெயினின் அல்மேரியாவுக்கும் அல்ஜீரியாவின் ஒரானுக்கும் நடுவே. அட்லாண்டிக்கிலிருந்து வரும் உப்புக் குறைந்த நீரும் மத்தியதரையின் உப்பு மிகுந்த நீரும் அங்கே முகம் முகமாக நிற்கின்றன. சிப்பியின் குஞ்சுகள் சில வாரங்கள் தண்ணீரில் மிதந்து திரிந்த பிறகே தரையில் இறங்கும். மிதக்கும் காலத்தில் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது நீரோட்டம். நிலத்தில் இருக்கும் கோட்டைச் சிப்பி மதிக்காது, தண்ணீரில் இருக்கும் கோட்டை மதிக்கும்.

பிறகு மரபணுக்காரர்கள் வந்தார்கள். 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: மாக்சிமஸும் ஜாகோபேயஸும் வேறு வேறு இனங்களா? மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைப் பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஒரே இனத்தின் இரண்டு வகைகள் என்ற பக்கமே காற்று அடித்தது. 20 வருடம் கழித்து, 2019-ல், 219 சிப்பிகளை 82,439 மரபணுக் குறிகளில் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. இப்போது படம் தெளிவாகப் பிரிந்தது. ஆனால் பிரிந்தது இரண்டாக அல்ல, மூன்றாக! நார்வே மாக்சிமஸ் ஒரு கூட்டம், மீதி அட்லாண்டிக் மாக்சிமஸ் ஒரு கூட்டம், ஜாகோபேயஸ் ஒரு கூட்டம். மாக்சிமஸின் இரண்டு கூட்டங்களும் கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் பிரிந்தவை என்றும், ஜாகோபேயஸ் அதற்கு முன்பே, சுமார் 95,000 தலைமுறைகளுக்கு முன்னால் பிரிந்தது என்றும் கணக்கிட்டார்கள்.

இரண்டு பெயரையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்பவர்கள் 1999-ஐக் காட்டுகிறார்கள். இரண்டாகவே இருக்கட்டும் என்பவர்கள் 2019-ஐக் காட்டுகிறார்கள். மரபணு மட்டும் இந்த வழக்கைத் தீர்க்காது என்பதே சரியான பதில். கூட்டம் கூட்டமாகப் பிரிவதுதான் இனம் என்றால் நார்வேச் சிப்பிக்கும் ஒரு புதுப் பெயர் வைத்தாக வேண்டும். யாரும் வைக்கவில்லை. ஏன்? கண்ணால் பார்த்து நார்வே ஓட்டைத் தனியாகப் பிரிக்க முடியாது. ஜாகோபேயஸைப் பிரிக்க முடியும். ஆக, உருவம், மரபணு, வாழும் இடம் மூன்றும் ஒரே பக்கம் சாய்கிற இடத்தில் தனிப் பெயர் இருப்பது நியாயம். உயிரோடு இருக்கும் சிப்பிகளைப் பொறுத்தவரை ஜாகோபேயஸ் என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டையும் சேர்த்தால் வேறொரு சின்னச் சண்டையும் வரும். இரண்டு பெயரும் ஒரே புத்தகத்தில் ஒரே வருடம் வந்தவை என்பதால் எது மூத்தது என்று சொல்ல முடியாது. முதலில் சேர்த்துவைத்தவர் எதைத் தேர்ந்தெடுத்தாரோ அதுவே நிற்கும்.

தகராறு முற்றுவது புதைபடிவங்களிடம் வரும்போது.

இத்தாலியின் வடக்கே, பியாசென்ஸா மாவட்டத்தில் காஸ்டெல் ஆர்குவாட்டோ என்று ஒரு ஊர். சுற்றியுள்ள குன்றுகள் எல்லாம் ஒரு காலத்தில் கடலடி. மழை அரித்த மண்ணில் சிப்பிகள் தலைநீட்டும். அந்தப் பகுதியின் பெயரில் ஒரு புவியியல் காலமே உண்டு, பியாசென்சியன், சுமார் 36 லட்சம் வருடத்திலிருந்து 26 லட்சம் வருடம் முன்பு வரை. அதை உள்ளடக்கிய பெரிய காலம் ப்ளியோசீன். இப்படிப்பட்ட மணற்படிவுகளில் எல்லாச் சிப்பியும் ஒரே மாதிரி தப்பிப்பதில்லை. பல சிப்பிகளின் ஓடு அரகோனைட் என்ற கனிமம், எளிதில் கரைந்துவிடும். ஸ்காலப் ஓட்டில் பெரும்பகுதி கால்சைட், தாக்குப்பிடிக்கும். பக்கத்து வீட்டுச் சிப்பிகள் எல்லாம் வெறும் அச்சாக மிஞ்சிய இடத்தில்கூட ஸ்காலப் முழுதாக, விளிம்பு உடையாமல் கிடைக்கும். இத்தாலியின் ப்ளியோசீன் சிப்பிகளில் சதுர மேடு கொண்டவை ஜாகோபேயஸ் என்ற பெயரோடே அலமாரிகளில் இருக்கின்றன. புத்தகங்களிலும், ஜாகோபேயஸ்: ப்ளியோசீன் முதல் இன்று வரை, என்று அச்சாகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 95,000 தலைமுறை. ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்று வருடம் என்று வைத்தால் இரண்டிலிருந்து மூன்று லட்சம் வருடத்துக்குள். ஜாகோபேயஸ் தனியாகப் பிரிந்ததே அப்போதுதான் என்றால் 30 லட்சம் வருடத்துக்கு முந்தைய குன்றில் ஜாகோபேயஸ் எப்படிக் கிடைக்கும்? பேரன் பிறப்பதற்கு முன்னால் பேரனின் போட்டோ!

சமாதானங்கள் உண்டு. பிரிந்த பிறகும் இரண்டும் அவ்வப்போது கலந்திருந்தால் மரபணுக் கணக்கில் பிரிவு உண்மையைவிடச் சமீபமாகத் தெரியும். கடல் மட்டமும் நீரோட்டமும் பனியுகங்களில் மாறிக்கொண்டே இருந்தன, கலக்க வாய்ப்பு நிறையவே. ஆர்க்டிகா ஐலேண்டிகா என்று ஒரு சிப்பி இன்று வட அட்லாண்டிக்கில் மட்டும் வாழ்கிறது. பனியுகக் காலத்து சிசிலியின் மண்ணில் அதுவும் கிடைக்கிறது. வடகடல்காரர்களே மத்தியதரைக்குள் வந்து குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொரு சமாதானம், ப்ளியோசீன் சிப்பி இரண்டு இனத்துக்கும் பொதுவான பாட்டனாக இருக்கலாம். சதுர மேடுதான் பழைய வடிவம், மாக்சிமஸ்தான் பிற்பாடு உருண்டையானது என்று இருக்கலாம். அப்படியானால் பாட்டனுக்குப் பேரனின் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் வழக்கம் நேர் எதிர் :)

எந்தச் சமாதானம் சரி என்பதல்ல இங்கே வாதம். குன்றில் கிடைத்த சிப்பியிடம் உருவம் மட்டுமே இருக்கிறது. 30 லட்சம் வருடத்துக்குப் பின் அதில் டி.என்.ஏ. மிஞ்சாது. ஆகவே உயிருள்ள ஜாகோபேயஸ் என்பதும் ப்ளியோசீன் ஜாகோபேயஸ் என்பதும் ஒரே எழுத்துகளால் எழுதப்பட்ட இரண்டு வேறு கூற்றுகள். முதலாவதற்குப் பின்னால் உருவம், மரபணு, இடம் என மூன்று சாட்சிகள். இரண்டாவதற்குப் பின்னால் ஒரே சாட்சி, மேடு சதுரமாக இருந்தது என்பது. இரண்டையும் ஒரே கோடாக இழுத்து, இந்த இனம் 30 லட்சம் வருடமாக இருக்கிறது என்று வரைபடம் போடுவது நேர்மையான வேலை இல்லை.

ஒரு சிப்பியின் பெயருக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்கலாம். பூமியின் காலண்டரில் ஒரு பகுதி இப்படிப்பட்ட பெயர்களை எண்ணித்தான் கட்டப்பட்டது. 1814-ல் ப்ரோக்கி என்ற இத்தாலியர் இதே அடிவாரக் குன்றுகளின் சிப்பிகளைப் பற்றி இரண்டு பாகப் புத்தகம் போட்டார். குன்றில் கிடைப்பதில் எது இன்றும் கடலில் உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவர் அவர். மனிதனைப் போல இனங்களுக்கும் பிறப்பும் முதுமையும் சாவும் உண்டு என்று எழுதியதும் அவரே. 1828-29-ல் சார்லஸ் லயல் இத்தாலி முழுக்கச் சுற்றினார். பாரிஸின் சிப்பி நிபுணர் தெஷாயேயின் பட்டியல்களை வைத்துக்கொண்டு 1833-ல் அவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு பாறையில் உள்ள சிப்பி இனங்களில் 100-க்கு எத்தனை இன்றும் உயிரோடு இருக்கின்றன? சுமார் மூன்றரை என்றால் இயோசீன். 17, 18 என்றால் மயோசீன். அதற்கு மேல், 35-லிருந்து 50 வரையும் அதைத் தாண்டியும் போனால் ப்ளியோசீன். இந்தப் பெயர்கள் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

லயலின் கணக்கு யாருடைய கையில் இருந்தது? சிப்பிக்குப் பெயர் சொன்னவர் கையில். குன்றில் கிடைத்த ஸ்காலப்பை இன்றைய ஜாகோபேயஸ் என்று எழுதினால் உயிருள்ள இனங்களின் பக்கம் ஒன்று கூடும். நுணுகிப் பார்த்து வேறு பெயர் வைத்தால் ஒன்று குறையும். தாராளமாகப் பெயரைச் சேர்ப்பவர் பாறையை இளமையாக்குவார், கறாராகப் பிரிப்பவர் அதையே கிழமாக்குவார். பாறை ஒன்றுதான். இந்த முறையின் பலவீனம் இது. இன்று பாறை வயதைக் காந்தப் பதிவுகளையும் கதிரியக்கத்தையும் வைத்துச் சொல்கிறார்கள், அதனால் லயலின் சதவீதம் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் ஒரு இனம் எவ்வளவு காலம் வாழும், எப்போது அழியும், கடல் சூடானால் எவ்வளவு வடக்கே நகரும் என்பதற்கெல்லாம் இன்றும் பழைய லேபிள்களில் உள்ள பெயர்களைத்தான் கூட்டிக் கழிக்கிறார்கள். அலமாரியில் எழுதிய பெயர் கம்ப்யூட்டருக்குள் போனதும் அது மூன்று சாட்சிப் பெயரா, ஒற்றைச் சாட்சிப் பெயரா என்பது மறைந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. ஊர், எந்தக் குன்று, எந்த அடுக்கு, எந்த ஓடு, மேடு எப்படி இருந்தது. இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில் பெயரை எழுதலாம். பெயருக்கு முன்னால், உருவத்தில் ஒத்தது, என்று ஒரு குறிப்பு போடும் வழக்கம் ஏற்கெனவே உண்டு, அதைப் பயன்படுத்தலாம். நாளைக்கு ஜாகோபேயஸ் என்ற பெயரே ஒழிந்தாலும் அந்தச் சிப்பியை மறுபடி எடுத்துப் படிக்க முடியும். ஊர் எழுதாத சிப்பிக்கு எந்தப் பெயர் எழுதியும் மேசை மேல் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் ஆகும்.

வியாபாரிகள் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். அதுவும் தானாகச் செய்யவில்லை, சண்டை போட்டுத்தான். சந்தியாகப்பர் சிப்பி என்ற பெயரில் எதை விற்கலாம் என்று பிரான்ஸ் ஒரு உத்தரவு போட்டது. தங்கள் நாட்டு ஸ்காலப்பை அந்தப் பெயரில் விற்க முடியாமல் போகிறது என்று 1995-ல் கனடா உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது, பெருவும் சிலியும் பின்னாலேயே வந்தன. கனடாவினுடையது ப்ளாகோபெக்டன், பெருவினுடையது ஆர்கோபெக்டன், பேரினமே வேறு. நிறத்திலும் அளவிலும் வித்தியாசமில்லை என்பது கனடாவின் வாதம். தட்டில் சதை மட்டும் வரும்போது ஓட்டின் மேட்டை யார் தடவிப் பார்க்கிறார்கள்? 1996-ல் சமாதானம் ஆனது. இன்று பிரான்ஸின் கடையில் உறைய வைத்த பாக்கெட்டை எடுத்தால் முன்பக்கம் சந்தியாகப்பர் பெயர் பெரிதாக இருக்கும், திருப்பினால் லத்தீன் பெயரும் எந்தக் கடலில் பிடித்தது அல்லது எந்த நாட்டில் வளர்த்தது என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். இணையத்தில் ஃபாசில் விற்பவர்களின் பக்கத்தைத் திறந்தால் பல நேரம் கிடைப்பது இவ்வளவுதான்: பெக்டன் ஜாகோபேயஸ், ப்ளியோசீன், இத்தாலி. பக்கத்தில் விலை.